முதலில் எந்த இளவரசி?

அக்கா மகளுக்குப் பதினான்கு வயது. பரீட்சை முடிந்த மறுநாளே போன் செய்தாள். "சித்தி, ஒரு புத்தகம் சொல்லுங்க. ராஜா வீட்டுக் கதையா இருக்கணும். லவ் இருக்கணும். சிரிப்பு வரணும். யாரும் சாகக் கூடாது."

இதில் என்ன கஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். அலமாரி முன்னால் போய் நின்ற பிறகுதான் கை தயங்கியது. அவள் சொன்ன நான்கு நிபந்தனைக்கும் ஒரே புத்தகம் பொருந்துவது அவ்வளவு எளிதல்ல. அரச குடும்பத்துக் காதல் கதைகளை நான் பல வருடமாக விரும்பிப் படித்து வருகிறேன். எல்லாவற்றுக்கும் அட்டையில் கிரீடம் இருக்கும், கவுன் போட்ட பெண் இருப்பாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. உள்ளே போனால் ஒன்று பள்ளிக்கூடக் கலாட்டா, ஒன்று அப்பாவைத் தேடும் கதை, ஒன்று கல்யாணப் போட்டி. முதல் புத்தகமாகத் தவறான ஒன்று கையில் கிடைத்தால், "இந்த மாதிரிக் கதையே எனக்குப் பிடிக்கவில்லை" என்று அந்தப் பிள்ளை ஒதுங்கிவிடும். அதனால் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளவரசன் சாதாரணப் பெண்ணைப் பார்ப்பதாவது, காதலிப்பதாவது என்று இந்தக் கதைகளைத் தள்ளிவிடுகிறவர்கள் நிறைய. நிஜத்திலேயே நடந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் சமயத்தில் அங்கே ஒரு மதுக்கூடத்தில் டென்மார்க் பட்டத்து இளவரசரைச் சந்தித்த மேரி டொனால்ட்சன் 2004இல் அவரைத் திருமணம் செய்தார். 2024 ஜனவரியிலிருந்து அவர் அந்த நாட்டின் ராணி. சுவீடனின் பட்டத்து இளவரசி விக்டோரியா 2010இல் மணந்தது தன் உடற்பயிற்சியாளர் டேனியல் வெஸ்ட்லிங்கை. இந்தக் கதைகளில் நம்ப முடியாத விஷயம் எதுவும் இல்லை. ஒருத்தியின் வாழ்க்கை ஒரே நாளில் ஊருக்கே சொந்தமாகிவிட்டால் அவள் என்ன ஆவாள் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கேள்வி.

அதனால் நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான். கிரீடம் வருவதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கென்று என்ன இருந்தது? ஒரு தோழி, ஒரு பிடிவாதம், ஒரு பயம், தோற்றுப்போகும் ஒரு பாடம், ஏதாவது இருக்க வேண்டும். அது இருந்தால்தான் கிரீடம் வந்து அதைக் கலைக்கும்போது சிரிப்பும் வரும், வலிக்கவும் செய்யும். எதுவும் இல்லாத பெண்ணுக்குக் கிரீடம் வந்தால் அது வெறும் அலங்காரம்.

இந்த அளவுகோலில் எடுத்ததும் முன்னால் நிற்பது மெக் காபட் எழுதிய 'தி பிரின்சஸ் டைரீஸ்'. 2000இல் வந்தது. மியா தெர்மோபொலிஸ் என்ற பதினான்கு வயதுப் பெண் நியூயார்க்கில் ஓவியரான அம்மாவோடு வசிக்கிறாள். உயரம் அதிகம், அல்ஜீப்ரா சுத்தமாக வராது. அந்த அல்ஜீப்ரா வாத்தியாரோடுதான் அம்மா வெளியே போக ஆரம்பித்திருக்கிறார். மியாவின் உலகத்தில் இதைவிடப் பெரிய இடி விழ முடியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து இறங்குகிறார். அவர் ஜெனோவியா என்ற குட்டி நாட்டின் இளவரசர். புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு இனிமேல் குழந்தை பிறக்காது. அதனால் மியாதான் வாரிசு.

அந்தச் செய்தி எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். இளவரசி ஆகிவிட்டோம் என்று மியா ஒரு நொடிகூடச் சந்தோஷப்படுவதில்லை. பள்ளியில் ஏற்கெனவே தன்னை விநோதமாகப் பார்க்கிறார்கள், இது தெரிந்தால் முடிந்தது கதை என்றுதான் கவலைப்படுகிறாள். பாட்டியிடம் இளவரசிப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று அப்பா சொன்னதும் பேரம் நடக்கிறது. பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 டாலர், அதுவும் மியாவின் கைக்கு இல்லை, அவள் பெயரில் சுற்றுச்சூழலுக்காகப் போராடும் கிரீன்பீஸ் அமைப்புக்கு. இந்த ஒரு பேரத்திலேயே அந்தப் பெண் யார் என்று தெரிந்துவிடுகிறது. ஒரு நாட்டையே கொடுக்கிறோம் என்கிறார்கள், அவள் திமிங்கிலங்களைப் பற்றி யோசிக்கிறாள். நான் மியாவிடம் மனதைப் பறிகொடுத்த இடம் இதுதான்.

முழுக்க நாட்குறிப்பாகவே எழுதப்பட்ட நாவல் இது. அதுதான் இதன் பெரிய பலம். வகுப்பில், குளியலறையில், எங்கே கிடைத்தாலும் உட்கார்ந்து எழுதித் தள்ளுகிறாள் மியா. நடுவில் திடீரென்று வீட்டுப்பாடம் வரும், செய்ய வேண்டியவை பட்டியல் வரும், அப்புறம் மறுபடியும் புலம்பல். இரண்டு பக்கம், அரைப் பக்கம் என்று பதிவுகள் உடைந்து வருவதால் அரை மணி நேரம் கிடைத்தால்கூடப் படிக்கலாம். ஆங்கிலத்தில் முதல் முறையாக முழு நாவல் படிக்கப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஒரு சின்ன சிக்கலும் உண்டு. 2000ஆம் ஆண்டின் டிவி நிகழ்ச்சிகள், நடிகர்கள், நியூயார்க் பள்ளிக்கூடக் கொச்சை எல்லாம் நிறைய வரும். புரியாததைத் தாண்டிப் போய்விடலாம், கதை எங்கேயும் அறுந்துபோகாது.

காதல்? அதுவும் இருக்கிறது, ஆனால் மெதுவாக. பள்ளியின் அழகன் ஜோஷ் மேல் மியாவுக்கு ஒரு கண். பத்திரிகைகளில் அவள் படம் வந்த பிறகுதான் அவன் கண்ணில் அவள் படுகிறாள். இதற்கிடையில் உயிர்த்தோழி லில்லியின் அண்ணன் மைக்கேல் சத்தமே இல்லாமல் அவளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். யார் யாருக்குப் பொருத்தம் என்பது வாசகருக்கு முதல் ஐம்பது பக்கத்திலேயே தெரிந்துவிடும், மியாவுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்கிறதே என்று தவித்தபடியே பக்கம் புரட்ட வைக்கிறார் மெக் காபட். எனக்கு இந்தக் காதலைவிடப் பெரிதாகத் தோன்றியது மியா–லில்லி சண்டைதான். பாட்டி ஏற்பாட்டில் மியாவின் முடியை வெட்டி நிறம் மாற்றிவிடுகிறார்கள். லில்லி அதைப் பார்த்துக் கொதித்துப் போகிறாள். தோழி தன்னை விட்டு வேறு யாரோ ஆகிக்கொண்டிருக்கிறாள் என்ற பயம் அந்தக் கோபத்துக்குள் இருக்கிறது. பதினான்கு வயதில் அந்தப் பயத்தை அனுபவிக்காதவர் யார்?

2001இல் வந்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள் கதை தெரியுமே என்று புத்தகத்தைத் தவிர்க்க வேண்டாம். படத்தில் அப்பா இறந்துவிட்டார், ஊர் சான் பிரான்சிஸ்கோ, பாட்டி கனிவானவர். புத்தகத்தில் அப்பா உயிரோடு வந்து மகளோடு மல்லுக்கு நிற்கிறார். பாட்டியோ நெருப்பு. கண் மையைக்கூடப் பச்சை குத்திக்கொண்ட கிழவி, கையில் எப்போதும் சிகரெட். அந்தப் பாட்டிக்காகவே தனியாக ஒரு முறை படிக்கலாம். பெற்றோருக்கு ஒரு தகவல்: உடல் வளர்ச்சி, அப்பாவின் நோய் போன்றவற்றை மியா ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுவாள். அந்த வயதுப் பிள்ளைகள் மனதுக்குள் பேசிக்கொள்வதுதான் அது. எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

அடுத்தது எமிகோ ஜீன் எழுதி 2021இல் வந்த 'டோக்கியோ எவர் ஆஃப்டர்'. இசுமி தனாகா கலிபோர்னியாவின் மவுண்ட் சாஸ்தாவில் வளரும் ஜப்பானிய வம்சாவளிப் பெண், பள்ளி இறுதியாண்டு மாணவி. அப்பா யார் என்று அம்மா சொன்னதே இல்லை. அம்மாவின் புத்தகம் ஒன்றில் கையால் எழுதியிருந்த கவிதையைப் பிடித்துக்கொண்டு தோழியும் அவளும் துப்புத் துலக்குகிறார்கள். அப்பா ஜப்பானின் பட்டத்து இளவரசர்.

மேலோட்டமாகப் பார்த்தால் மியா கதைதான்: தாய் வளர்த்த பெண், திடீரென்று வந்த அரச அப்பா. ஆனால் இரண்டு பெண்களும் கேட்பது வேறு வேறு. மியாவுக்கு அப்பாவை முன்பே தெரியும், அவள் தலையில் விழுவது ஒரு நாட்டுப் பொறுப்பு. இசுமிக்கு நாடு கிடைக்கப் போவதே இல்லை. ஜப்பானில் 1947ஆம் ஆண்டின் அரச குடும்பச் சட்டப்படி ஆண் வழியில் வந்த ஆண்களுக்கு மட்டுமே அரியணை. அரச குடும்பத்துப் பெண் வெளியே மணம் செய்தால் குடும்பத்தை விட்டே விலக வேண்டும். நாவல் வெளிவந்த அதே 2021இன் அக்டோபரில் இளவரசி மாக்கோ தன் கல்லூரிக் காலத்து நண்பரை மணந்து பட்டத்தைத் துறந்தது இந்தச் சட்டப்படிதான். ஆக இசுமி டோக்கியோவுக்குப் போவது அரியணைக்காக இல்லை, "நான் எந்த ஊர்க்காரி?" என்ற கேள்விக்குப் பதில் தேடித்தான். அமெரிக்காவில் அவளை வெளியூர்க்காரியாகப் பார்க்கிறார்கள். ஜப்பானில் போய் இறங்கினால் வணக்கம் சொல்வதுகூடத் தப்பாகப் போகிறது, உறவுக்காரப் பெண்கள் முறைக்கிறார்கள், கிசுகிசுப் பத்திரிகை அவள் உடையில் தொடங்கி எல்லாவற்றையும் எழுதுகிறது. அந்தப் பத்திரிகைத் துணுக்குகள் அத்தியாயங்களுக்கு நடுவே வந்து போகின்றன. அவள் வாயால் நாம் கேட்ட ஒரு சம்பவத்தை அந்தப் பத்திரிகை எப்படித் திரித்துப் போடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே தனிச் சுவை.

காதல் இங்கே முன்னணியில் இருக்கிறது. பாடிகார்டு அகியோ முகத்தில் சிரிப்பே வராத ஆள், கடமை கடமை என்று நிற்பவன். முதலில் இருவருக்கும் ஆகவே ஆகாது. அப்புறம் மெல்ல மெல்ல வாக்கா என்ற ஜப்பானியக் கவிதை வடிவத்தில் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பிக்கிறார்கள். 5-7-5-7-7 என்று ஐந்து வரி, மொத்தம் 31 அசை. சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லியாக வேண்டும். ஏழு சீரில் ஒரு குறள் எவ்வளவு சொல்லிவிடுகிறது என்று தெரிந்த நமக்கு அந்தச் சுருக்கத்தின் அழகைப் புரியவைக்க வேண்டியதில்லை. பேச முடியாத இடத்தில், சுற்றிலும் கண்கள் இருக்கும் இடத்தில், இரண்டு பேர் அளந்து அளந்து எழுதுவது எனக்கு மிகவும் பிடித்தது. முத்தக் காட்சிகளைவிட அந்தக் கவிதைகள்தான் மனதில் நின்றன.

குறை இல்லாமல் இல்லை. அகியோ கொஞ்சம் அளவுக்கு மீறி நல்லவன். கடைசிப் பகுதியில் சிக்கல்கள் அவிழும் வேகம் நம்ப வைப்பதாக இல்லை, இன்னும் ஐம்பது பக்கம் எழுதியிருக்கலாம். ஆனால் அப்பாவும் மகளும் முதல் முறை உட்கார்ந்து பேசும்போது இருவருக்குமே என்ன பேசுவது என்று தெரியாமல் தடுமாறும் சங்கடம் அவ்வளவு நிஜம். அந்த ஒரு சங்கடத்துக்காக மற்றதை மன்னித்துவிட்டேன்.

சரி, இந்த இரண்டில் எது? சிரிப்பு வேண்டும் என்றால் மியா. அதில் மாற்றுக் கருத்து எனக்கு இல்லை. இசுமி சிரிக்க வைப்பாள், ஆனால் மியாவைப் படிக்கும்போது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிக்க வேண்டும். காதல் முதலில் வேண்டும், மனம் கொஞ்சம் கனக்கவும் வேண்டும் என்றால் இசுமி. வயதும் ஒரு கணக்கு. மியா ஒன்பதாம் வகுப்புப் பெண், அவள் கவலைகளும் அந்த வயதுக் கவலைகள். இசுமிக்கு முன்னால் கல்லூரி நிற்கிறது. பதினாறு, பதினேழு வயதில் இருப்பவருக்கு மியாவின் புலம்பல் சில இடத்தில் சலிப்புத் தட்டலாம். பன்னிரண்டு, பதின்மூன்றில் இருப்பவருக்கு இசுமியின் அடையாளத் தவிப்பு எட்டாமல் போகலாம்.

மூன்றாவதாக எல்லோரும் சொல்லும் பெயர் கீரா காஸின் 'தி செலக்‌ஷன்'. 2012இல் வந்தது. இலியா என்ற எதிர்கால நாடு. இளவரசன் மேக்ஸனுக்கு மனைவி தேட 35 பெண்களை அரண்மனைக்கு வரவழைத்து, டிவியில் காட்டி, ஒவ்வொருவராக வெளியே அனுப்புகிறார்கள். அமெரிக்கா சிங்கர் என்ற பாடகிக்குப் போட்டியில் ஆசையே இல்லை. ஊரில் ஆஸ்பென் என்ற காதலன் இருக்கிறான். கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது என்பது உண்மை. நானும் ஒரே இரவில்தான் முடித்தேன். அவள் பாடியதற்கு ஆஸ்பென் கொடுத்த செப்புக் காசுகளில் ஒன்றை ஒரு சின்ன ஜாடியில் போட்டு அரண்மனை அறை வரைக்கும் கொண்டுவந்து வைத்திருப்பாள் அமெரிக்கா. அத்தனை பட்டுக்கும் விளக்குக்கும் நடுவே அந்த ஒற்றைக் காசு. அந்தப் பெண்ணுக்கென்று முன்னாலேயே ஒன்று இருந்தது என்று காட்ட அது ஒன்று போதும். அந்த இடத்தில் கீரா காஸுக்கு முழு மதிப்பெண்.

ஆனாலும் முதல் புத்தகமாக இதை நான் கொடுக்க மாட்டேன். இலியாவில் மக்கள் ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்டுப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். பிறப்பைப் பொறுத்து எண், எண்ணைப் பொறுத்துத் தொழில். கலைஞர்கள் ஐந்து, வேலைக்காரர்கள் ஆறு, எட்டு என்றால் வீதிதான் வீடு. பெண் கல்யாணம் செய்தால் கணவனின் எண்ணுக்குப் போய்விடுவாள், அதனால் ஐந்தில் பிறந்தவள் ஆறில் பிறந்தவனைக் காதலிப்பது குடும்பத்துக்கு அவமானம். இதைத் தமிழ் வாசகர் ஒருவரால் வெறும் கற்பனை நாட்டு விவரமாகக் கடந்துபோக முடியுமா? என்னால் முடியவில்லை. ஒரு அத்தியாயத்தில் பசி, அடுத்த அத்தியாயத்தில் எந்த கவுன் என்ற பேச்சு. முதல் பாகத்தில் அந்த எண்கள் காதலுக்குத் தடை வைக்கும் சுவராகத்தான் பெரும்பாலும் பயன்படுகின்றன. அந்தச் சுவருக்கு அடியில் நசுங்குகிறவர்களிடம் கதை நெருங்கிப் போவதில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. வளர்ந்த வாசகர் ஒருவர் இதைப் படித்துவிட்டு விவாதிக்கலாம், நல்ல விவாதம் வரும். லேசான மனநிலையில் சிரிக்க வேண்டும் என்று கேட்டு வரும் பிள்ளைக்கு இது சரியான வாசல் இல்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் பாகம் முடியும்போது 35 பேர் ஆறு பேராகியிருப்பார்கள், அவ்வளவுதான். மேக்ஸனா ஆஸ்பெனா என்று தெரிய 2013, 2014இல் வந்த அடுத்த இரண்டு பாகங்களையும் படிக்க வேண்டும். போகப் போகக் கிளர்ச்சிக்காரர்கள், தாக்குதல், சாவு எல்லாம் வரும். "யாரும் சாகக் கூடாது" என்று கேட்டவளுக்கு இது ஒத்துவராது. ஒப்பிட்டால் மியாவின் முதல் பாகத்தை முடித்ததும் நிறைவாக மூடி வைக்கலாம். 2009 வரைக்கும் அந்த வரிசையில் பத்து பாகங்கள் வந்தன. பிடித்தால் போகலாம், இல்லையென்றால் ஒன்றோடு நிறுத்தினாலும் ஏமாற்றம் இல்லை. இசுமிக்கு 2022இல் வந்த ஒரு தொடர்ச்சி உண்டு, ஆனால் முதல் புத்தகம் தன் காலிலேயே நிற்கும்.

கேத்தரின் மெக்கீயின் 'அமெரிக்கன் ராயல்ஸ்' பற்றியும் பலர் சொல்கிறார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் கிரீடத்தை ஏற்றுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற அருமையான கற்பனை. நான்கு பெண்கள் மாறி மாறிச் சொல்லும் கதை, பட்டத்து இளவரசி பியாட்ரிஸின் தவிப்பு உண்மையாகவே தொடும். ஆனால் லேசான கதை இல்லை. சூழ்ச்சியும் கண்ணீரும் கூடுதல், முதல் பாகம் அந்தரத்தில் நிற்கும். இன்னொரு வருடம் போகட்டும்.

கெயில் கார்சன் லெவைனின் 'எல்லா என்சான்டட்' பெயரைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1997இல் வந்தது, அடுத்த ஆண்டு அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரியின் கௌரவப் பட்டியலில் இடம்பெற்றது. யார் எதைச் சொன்னாலும் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும் என்ற சாபத்தோடு பிறந்த எல்லா என்ற பெண், அவளும் இளவரசன் சார்மண்டும் மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விளையாடுவது, ஊர் விட்டு ஊர் போய் எழுதிக்கொள்ளும் கடிதங்கள். நட்பிலிருந்து காதல் முளைப்பதை இதைவிட இயல்பாகச் சொன்ன புத்தகம் இந்த வகையில் எனக்குத் தெரியாது. நான் சொன்ன ஐந்து புத்தகங்களில் ஆங்கிலமும் இதில்தான் எளிது. தொடக்கத்திலேயே எல்லாவின் அம்மா இறந்துவிடுவதால் என் அக்கா மகளின் நிபந்தனையில் அடிபட்டுப் போனது. அந்த நிபந்தனை இல்லாத பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு யோசிக்காமல் இதையே கொடுங்கள்.

கடைசியில் அவளுக்கு மியாவை அனுப்பினேன். மூன்றாம் நாள் போன் வந்தது. "நல்லாருக்கு சித்தி, ஆனா மியா ரொம்பப் புலம்புறா." நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் புலம்பல் இல்லையென்றால் கடைசி நடன நிகழ்ச்சியில் ஜோஷிடம் அவள் நிமிர்ந்து நிற்பது நமக்கு இவ்வளவு பெரிதாகப் பட்டிருக்காது என்றேன். அரை மனதாக ஒப்புக்கொண்டாள். லில்லி செய்தது சரியா தப்பா என்று மட்டும் இருபது நிமிடம் பேசினாள், அவள் கட்சி லில்லி. இப்போது இசுமி அவள் கையில் இருக்கிறது, எதிர்பார்த்ததைவிட ஒரு வருடம் முன்னாலேயே. வகுப்புத் தோழி சொன்னாள் என்று 'தி செலக்‌ஷன்' வேண்டும் என்கிறாள். மூன்று பாகமும் ஒன்றாகக் கையில் வந்த பிறகு தருகிறேன், முடித்ததும் அந்த எண்களைப் பற்றி என்னோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.